குதிரை ஓவிய ஆர்டர்: ஆயிலா, அக்ரிலிக்கா, பாஸ்டலா, நீர்வண்ணமா?

நாய், பூனை என்று வளர்ப்புப் பிராணிகளை வரைந்து கொடுப்பவருக்கு என்றாவது ஒருநாள் குதிரை ஆர்டர் வந்துவிடுகிறது. குதிரை ஊட்டியிலோ பொள்ளாச்சியிலோ நிற்கும். நேரில் போய்ப் பார்க்க வழியிருக்காது. கைக்கு வருவது உரிமையாளர் கைபேசியில் எடுத்த சில படங்கள். இந்தக் கட்டத்தில் எனக்கு எழுதுகிறவர்கள் கேட்பது ஒன்றையேதான்: எந்த வண்ணத்தில் வரைவது?

'உங்களுக்குக் கை வந்ததில் வரையுங்கள்' என்று சொல்லி முடித்துவிடலாம். பாதி சரியான பதிலும்கூட. மீதிப் பாதி புகைப்படத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதைப் பார்த்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது, வரைந்து முடித்த பின் எவ்வளவு மாற்ற நேரும் என்பது. திருத்தம் சொல்லாத குதிரைக்காரரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

புகைப்படம். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. முழுச்சட்டகக் கேமராவின் கணக்கில் ஏறக்குறைய 24 முதல் 28 மி.மீ. அதை வைத்து முகத்துக்கு அருகில் நின்று எடுத்தால் மூக்கு வீங்கும், பின்னங்கால்கள் குட்டியின் கால்களாகச் சுருங்கும். அந்தப் படத்தை எவ்வளவு துல்லியமாக நகலெடுக்கிறீர்களோ அவ்வளவு துல்லியமாகத் தவறு வரும். எட்டிப் போய் நின்று, இரண்டு மூன்று மடங்கு ஜூமில், குதிரையின் தோள் உயரத்தில் கைபேசியைப் பிடித்து எடுத்த படத்தைத்தான் உடல் விகிதத்துக்கு நம்பலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல படமென்றால், கண்மணி கிடைமட்டமாக நீண்டிருப்பதும் அதன் மேல் விளிம்பில் சிறு கரிய முண்டுகள் தொங்குவதும் தெரியும். மோசமான படத்தில் ஒரு கறுப்புப் பொட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் இருக்கும். அந்தப் பொட்டை நம்பி வட்டமான கண்மணி வரைந்தால் குதிரைக்கு மனிதப் பார்வை வந்துவிடும். படம் எந்த ரகம் என்று முடிவுகட்ட எனக்கு இந்த ஒரு சோதனை போதும்.

மேனி நிறம். பே, செஸ்ட்நட் இரண்டும் செம்பழுப்புதான். ஆனால் பே குதிரைக்குப் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பு. செஸ்ட்நட்டுக்கு அந்தக் கறுப்பு கிடையாது. 'கிரே' என்று சொல்லப்படும் குதிரை கருமையாகப் பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு வெளுத்துக்கொண்டே போகும். முகத்துக்கு இந்த ஆண்டுப் படத்தையும் உடலுக்கு நான்கு ஆண்டு முந்தைய படத்தையும் எடுத்தால் இரண்டு குதிரைகளை ஒட்டவைத்ததாகிவிடும். உரிமையாளர் எந்த வயதுக் குதிரையைச் சுவரில் பார்க்க விரும்புகிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் சற்று நேரம் நின்றாலே புரியும்: வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பதோடு மயிர்ச்சுழியையும் தேடிப் பார்க்கிறார்கள். சுழி எங்கே இருக்கிறது என்பது நம்மூர்க் குதிரைக்காரருக்கு ராசி சம்பந்தப்பட்ட சங்கதி. ஓவியத்தில் அது அரை அங்குலம் நகர்ந்தால் நீங்கள் வரைந்தது வேறு குதிரை. நெற்றிச் சுட்டியின் வடிவம், எந்தக் காலில் வெள்ளை, அது எவ்வளவு உயரம் என்பவையும் அப்படித்தான். செல்ஃபி கேமராவில் எடுத்த படம் இடம் வலம் மாறியிருக்கலாம். இன்னொரு படத்தோடு ஒத்துப் பாருங்கள். மார்வாரிக் குதிரையென்றால் காதுகள். உள்நோக்கி வளைந்து நுனிகள் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும் அந்தக் காதுகளுக்காகவே பலர் அந்த இனத்தை வாங்குகிறார்கள். புகைப்படத்தில் குதிரை காதைப் பின்னால் மடித்திருந்தால் வேறு படம் கேளுங்கள், ஊகித்து வரையாதீர்கள்.

காலமும் சுவரும். எப்போது வேண்டும், எங்கே மாட்டுவார்கள், எப்படிப் போய்ச் சேரும். கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. காசு கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

## ஆயில்

பெரிய படத்துக்கும், கறுப்பு அல்லது அடர்பழுப்புக் குதிரைக்கும், திருத்தம் நிறைய வரும் என்று தோன்றும் வாடிக்கையாளருக்கும் ஆயிலை விஞ்ச எதுவுமில்லை. ஈரமாக இருக்கும்போது துடைத்து எடுக்கலாம், காய்ந்த பின் மேலே வரையலாம். விலாவின் வளைவில் வெளிச்சம் மெல்ல மங்கி நிழலாகும் அந்த நீண்ட மாற்றத்தை ஈர வண்ணத்தில் இழைப்பதுபோல வேறெதிலும் இழைக்க முடியாது.

கருங்குதிரையைக் கறுப்பு வண்ணத்தில் வரையத் தொடங்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. திறந்த வெளியில் நிற்கும் கருங்குதிரையின் முதுகில் வானத்தின் நீலம் விழுந்திருக்கும், வயிற்றின் அடியில் மண்ணின் வெதுவெதுப்பு இருக்கும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பையும் கலந்து உண்டாக்கும் கறுப்பை இரண்டு பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம். இதில் வேறொரு லாபமும் உண்டு. அம்பரில் உள்ள மாங்கனீசு வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும்; ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் மெதுவாகக் காயும். மெதுவாகக் காயும் கறுப்பை அடியில் தடிமனாகப் பூசி, மேலே வேகமாகக் காயும் வண்ணத்தை ஏற்றினால் பின்னாளில் வெடிப்பு விழும்.

புகைப்படத்தில் நிழல் முழுதும் கறுப்பாக அடைத்துக்கொண்டிருந்தால், உள்ளே எந்தத் தசை ஓடுகிறது என்று ஓவியருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் பதினெட்டு மாதம் தங்கிக் குதிரைகளை அறுத்துப் படித்தார். அந்த வரைபடங்கள் 1766இல் நூலாக வந்தன. நமக்கு அறுக்க வேண்டியதில்லை, அவர் அறுத்ததைப் பார்த்தால் போதும். ஏறக்குறைய 1762இல் அவர் வரைந்த 'விசில்ஜாக்கெட்' என்ற குதிரை ஓவியம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. மூன்று மீட்டரை நெருங்கும் உயரம், பின்னணியில் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு வரும் புகைப்படத்தில் குதிரைக்குப் பின்னால் கட்டாயம் ஒரு ஸ்கூட்டரும் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மும் இருக்கும் என்பதால், ஸ்டப்ஸின் வெறும் பின்னணியை வாடிக்கையாளருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவது எளிது.

மறைந்திருக்கும் செலவு, நாள். ஆயில் தண்ணீர்போல ஆவியாவதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது. மேலே தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். மரபான வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். சீக்கிரம் காயவைக்கும் அல்கிட் ஊடகம் கலந்தால் மெல்லிய பூச்சுகள் சில நாளில் தொடும் அளவுக்குக் காயும். அப்போதும் 'வார்னிஷ் பிறகு வந்து பூசித் தருகிறேன்' என்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். வெளியூர் வாடிக்கையாளரென்றால் அந்தப் பயணச் செலவு யாருடையது?

வெண்குதிரைக்கு ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெயில் அரைத்த வெள்ளை நாளாக நாளாக மஞ்சள் பூக்கும், இருட்டறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். குசும்பா எண்ணெயில் அரைத்த டைட்டானியம் வெள்ளையில் மஞ்சள் குறைவு. ஆனால் காய இன்னும் நேரமெடுக்கும் என்பதால் அதை மேல் அடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## அக்ரிலிக்

அடுத்த வாரம் பிறந்தநாள் என்று வரும் ஆர்டருக்கு அக்ரிலிக். காய்ந்த அடுக்கின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் வரையலாம். சுழியை இடம் மாற்றுவது பத்து நிமிட வேலை. டர்பன்டைன் வாசம் இல்லாததால் சின்ன அடுக்குமாடி வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வரைகிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

சிக்கல், காயும் வேகம். மே மாதச் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் தட்டிலேயே தோல் கட்டிவிடும். விலாவின் இழைப்பைச் செய்வதற்குள் விளிம்பு இறுகிக் கோடு விழும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம், ஈரத் தட்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது இழைப்பதையே விட்டுவிட்டு மெல்லிய அடுக்குகளாக ஏற்றலாம். மூன்றாவது வழியே எனக்கு உகந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி அடர்ந்துவிடும். செஸ்ட்நட்டின் செம்மையைப் புகைப்படத்தோடு ஒப்பிடுவதென்றால் காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள்.

கூரியரில்தான் அக்ரிலிக்கின் உண்மையான செலவு. காய்ந்த அக்ரிலிக் படலம் வெயிலில் இளகும் இயல்புடையது. குமிழ் உறையை நேராகச் சுற்றி, கோடையில் லாரியில் இரண்டு நாள் கிடந்தால், குமிழ்களின் வட்டங்கள் குதிரையின் மேல் பதிந்துவிடும். படத்தின் முகத்தைத் தொடும் தாள் வழுவழுப்பான கிளாசைன் தாளாகவோ சிலிகான் பூசிய தாளாகவோ இருக்கட்டும். குமிழ் உறை அதற்கு வெளியே.

## பாஸ்டல்

நான் சொல்வது தூளாக உதிரும் கட்டி பாஸ்டல், பள்ளிப் பிள்ளைகளின் எண்ணெய் பாஸ்டல் வேறு. முகம் மட்டும் கேட்டால், அதுவும் நல்ல புகைப்படம் இருந்தால், என் கை பாஸ்டலுக்குத்தான் போகும். மூக்கின் நுனியில் அந்த வெல்வெட் தோல், அதன் மேல் நிற்கும் முரட்டு மீசை, நெற்றியில் விழும் மயிர்க்கற்றை எல்லாம் விரலாலும் பென்சில் முனையாலும் சட்டென்று வந்துவிடும். பழுப்புத் தாளில் தொடங்கினால் பே குதிரையின் நடுத்தொனி வரையாமலே கிடைக்கும். பின்னணியும் தாளாகவே இருந்துகொள்ளும். காயும் நேரம் என்று ஒன்று இல்லை.

திருத்தம் ஓரளவுக்குத்தான். தாளின் சொரசொரப்பு நிரம்பிய பிறகு புதிய தூள் ஒட்டாது. துலக்கி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். மணற்தாள் வகையாக இருந்தால் இன்னும் சில சுற்று தாங்கும்.

இனி செலவு. பாஸ்டலுக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி தூளைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டையோ இடைக்கட்டையோ வேண்டும். உடையாத அக்ரிலிக் தகடு போட்டால் என்ன என்று கேட்பார்கள். சாதாரண அக்ரிலிக் தகட்டில் நிலைமின்சாரம் உண்டாகும். தூளைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடிதான், கண்ணாடியென்றால் கூரியரில் உடையும். வெளியூருக்கு நான் சட்டமில்லாமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் தாளை அசையாமல் பொருத்தி அனுப்பச் சொல்வேன். சட்டத்தை அவர்கள் ஊரிலேயே போடட்டும். எப்படிப் போட வேண்டும் என்று எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள். தூளை ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. வெளிச்சப் பகுதிகள் மங்குவதுதான் மிச்சம். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டினால் தாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## நீர்வண்ணம்

மோசமான புகைப்படத்துக்கு நீர்வண்ணம் என்று நான் சொன்னால் பலர் திகைக்கிறார்கள். கடினமான ஊடகத்துக்கு நல்ல படம் வேண்டாமா? எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. இறந்துபோன குதிரை, இருப்பது ஒரே ஒரு மங்கலான படம், விவரமே இல்லை. ஆயிலில் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது விவரம். அதை நீங்கள் கற்பனையில் இட்டு நிரப்ப வேண்டிவரும், நிரப்பியது பொய்யென்று உரிமையாளர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். நீர்வண்ணத்தில் விளிம்புகள் கரைந்து போவதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. சுட்டியும் காதும் கழுத்தின் வளைவும் சரியாக இருந்தால் போதும், மீதியைப் பார்ப்பவரின் நினைவு முடித்துக்கொள்ளும்.

ஓடும் குதிரைக்கும் அப்படியே. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டியபடி காற்றில் பறக்கின்றன. 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாக எடுத்த புகைப்படங்கள் வேறொன்றைக் காட்டின: நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும்புவது கால்கள் வயிற்றின் அடியில் மடங்கிக் கூடும்போதுதான். அன்றிலிருந்து ஓவியருக்கு இந்தத் தருமசங்கடம் உண்டு. புகைப்படம் பிடித்த கணம் உண்மை, ஆனால் பார்க்க இடறி விழப்போகும் குதிரை மாதிரி இருக்கும். ரேக்ளா பந்தயப் படங்களில் இதை நிறையப் பார்க்கலாம். கூர்மையாக வரையும் எந்த ஊடகமும் அந்த அசட்டுக் கணத்தை உறைய வைத்துவிடும். நீர்வண்ணம் கால்களைப் புழுதியில் கரைக்க அனுமதிக்கும்.

வெண்குதிரைக்குத் தாளே வெள்ளை, மஞ்சளாகும் எண்ணெயும் இல்லை. ஆனால் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுழி தவறினால் புதுத் தாள். ஆகவே பென்சில் கோட்டோவியத்தை அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே தூரிகையை நனையுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை அதிகம். இரண்டு தாளுக்குக் கணக்குப் போட்டே விலை சொல்லுங்கள். நிறங்களின் வெளிச்சம் தாங்கும் தன்மையையும் பாருங்கள்: பழைய அலிசரின் கிரிம்சன் (குழாயில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83) செஸ்ட்நட்டுக்கு அழகான செம்மை தரும், சில ஆண்டுகளில் வெளிறியும் போகும். இதற்கும் கண்ணாடி வேண்டும், ஆனால் அக்ரிலிக் தகட்டால் ஆபத்தில்லை.

கலர் பென்சிலைப் பற்றி ஒரே வார்த்தை: ஏ4 அளவில், முகம் மட்டும், ஊசிமுனைக் கூர்மையான புகைப்படம் இருந்தால் சரி, முழுக்குதிரையைப் பெரிதாகக் கேட்டால் கை ஒடிந்துவிடும். டிஜிட்டல் ஓவியத்தை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. ஆனால் ஸ்கூட்டரை நீக்கி, இரண்டு படங்களை இணைத்து, 'இப்படித்தான் வரப்போகிறது' என்று முன்மாதிரி காட்ட அது நல்ல கருவி.

## ஒரே பார்வையில்

| | ஆயில் | அக்ரிலிக் | பாஸ்டல் | நீர்வண்ணம் |
|---|---|---|---|---|
| மங்கலான புகைப்படம் | உடற்கூறு தெரிந்தால் மட்டும் | சுமார் | வேண்டாம் | பொருந்தும் |
| கருங்குதிரை | மிகச் சிறப்பு | நன்று | நன்று | கடினம் |
| வெண்குதிரை | எண்ணெய் பார்த்து | நன்று | நன்று | மிகச் சிறப்பு |
| திருத்தம் | தாராளம் | மிகத் தாராளம் | ஓரளவு | இல்லை |
| கையில் கொடுக்கும் காலம் | வாரங்கள், மாதங்கள் | நாட்கள் | நாட்கள் | நாட்கள் |
| கண்ணாடி | வேண்டாம் | வேண்டாம் | கட்டாயம் | வேண்டும் |
| கூரியர் ஆபத்து | ஈரம் காயாமை | உறை ஒட்டுதல் | தூள் உதிர்தல், கண்ணாடி | குறைவு |

## எந்த ஆர்டருக்கு எது

படம் தெளிவு, குதிரை உயிரோடு இருக்கிறது, வரவேற்பறையில் பெரிதாக மாட்டப் போகிறார்கள், அவசரமில்லை: ஆயில். இவற்றில் அவசரம் மட்டும் சேர்ந்தால் அக்ரிலிக். அல்லது அக்ரிலிக்கில் அடித்தளம் போட்டு மேலே ஆயிலில் முடிக்கலாம், இந்த வரிசை ஒருபோதும் தலைகீழாகக் கூடாது. உள்ளூர் வாடிக்கையாளர், முகம் மட்டும், நல்ல சட்டக் கடை பக்கத்தில் இருக்கிறது: பாஸ்டல். ஒற்றைப் படம், இறந்த குதிரை, அல்லது ஓட்டம்: நீர்வண்ணம்.

இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் திருத்த இடம் தரும் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். உரிமையாளர் அந்த முகத்தைத் தினமும் தீவனம் வைக்கும்போது பார்க்கிறவர்; நீங்கள் ஆறு அங்குலத் திரையில் பார்த்தவர்.

எந்த ஊடகமானாலும் பொதுவான ஒரு மறைமுகச் செலவு உண்டு, அது உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையப்பட்ட உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமையாளர் பணம் கொடுத்தவரே. அச்சுப்படிகள் போட்டு விற்கவோ நாள்காட்டிக்குக் கொடுக்கவோ எண்ணமிருந்தால் முன்பணம் வாங்கும்போதே அதை எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படத்தை எடுத்தவர் உரிமையாளரா, பந்தயத் திடலின் புகைப்படக்காரரா என்றும் கேளுங்கள். இரண்டாமவர் என்றால் அவருடைய எழுத்துபூர்வ அனுமதி வரும்வரை கித்தானில் கோடு போட வேண்டாம்.